அடக்கம் செய்தவர்களின் மதம்

ரோம் நகரின் சீலியன் குன்றில் சாந்தோ ஸ்தெஃபானோ ரொத்தோந்தோ என்ற வட்ட வடிவக் கோயில் இருக்கிறது. கட்டடம் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுற்றுச்சுவரில் உள்ள சித்திரங்கள் 1580களில் தீட்டப்பட்டவை. நிக்கோலோ சிர்ச்சிஞ்ஞானி என்ற ஓவியர் முப்பதுக்கும் மேற்பட்ட கட்டங்களில் மறைசாட்சிகள் கொல்லப்பட்ட விதங்களையெல்லாம் ஒளிவுமறைவின்றி வரைந்திருக்கிறார். கொப்பரை, சிங்கம், சக்கரம், அறுபட்ட கைகால்கள் என்று சுவர் முழுக்க ரத்தம். இத்தாலிக்கு வந்த சார்லஸ் டிக்கன்ஸ் இதைப் பார்த்துக் குமட்டிப்போய் எழுதினார். சித்திரங்கள் தீட்டப்பட்டபோது கோயில் ஏசுசபையார் நடத்திய கல்லூரியின் பொறுப்பில் இருந்தது. புராட்டஸ்டன்ட் நாடுகளுக்குப் போகவிருந்த குருமாணவர்கள் நேரக்கூடியதை முன்கூட்டியே பார்த்து மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளட்டும் என்பதே நோக்கம். அதே ரோமின் தெற்கே, ஆப்பியா சாலையோரத்தில், கலிக்ஸ்டஸ் கல்லறைச் சுரங்கத்துக்குள் இறங்கினால் 3ஆம் நூற்றாண்டுச் சித்திரங்களைப் பார்க்கலாம். ஆட்டைத் தோளில் சுமந்த மேய்ப்பன், பெருமீனிடமிருந்து தப்பிய யோனா, தண்ணீரில் நிற்கும் ஒருவனுக்கு ஞானஸ்நானம், ஏழு பேர் உட்கார்ந்து உண்ணும் பந்தி, பக்கத்தில் ரொட்டிக் கூடைகள். கொலைக்களக் காட்சியைத் தேடினாலும் கிடைக்காது. கொல்லப்பட்ட காலத்தில் வாழ்ந்தவர்கள் சாப்பாட்டை வரைந்திருக்கிறார்கள். கொலைகளெல்லாம் முடிந்து நூற்றாண்டுகள் பல போனபிறகு வந்தவர்கள் சாவை வரைந்திருக்கிறார்கள். நம் மனத்தில் ஆதிக் கிறித்தவத்தைப் பற்றி இருக்கும் படம் பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தார் கொடுத்தது. துன்புறுத்தலை மீறி இந்த மதம் எப்படிப் பரவியது என்று கேட்பவர் முதல் கூட்டத்தாரின் சுவர்களிலிருந்து தொடங்குவதே நியாயம் என்று எனக்குப் படுகிறது.

ஆப்பியா சாலை கி.மு. 312இல் ஆப்பியஸ் கிளாடியஸ் தொடங்கியது. செபஸ்தியான் வாசலைத் தாண்டியதும் இருபுறமும் கல்லறைகள்தான். நகர எல்லைக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது பன்னிரண்டு பலகைச் சட்டம் தொட்டு ரோமர் கடைப்பிடித்த விதி. அதனால் ஊருக்கு வெளியே போகும் ஒவ்வொரு சாலையும் இறந்தவர்களின் வீதியாயிற்று. செல்வர்களுக்குச் சிசிலியா மெத்தெல்லாவின் கோபுரம் போன்ற நினைவுச் சின்னங்கள். பெரிய வீட்டு அடிமைகளுக்கும் விடுதலை பெற்றவர்களுக்கும் சாம்பல் கலசம் வைக்கும் மாடக்குழிகள் நிறைந்த கூட்டுக் கல்லறைகள். எந்தப் பெரிய வீட்டையும் சேராத ஏழைக்கு என்ன கிடைத்தது என்பதற்கு எஸ்கிலின் குன்றில் 19ஆம் நூற்றாண்டில் லான்சியானி தோண்டிக் கண்ட பழைய குழிகள் சாட்சி: மனிதரும் விலங்கும் குப்பையும் ஒன்றாகக் கொட்டப்பட்ட குழிகள். அவை குடியரசுக் காலத்தவை, பேரரசுக் காலத்தில் நிலைமை ஓரளவு மாறியது. ஆனாலும் பெயரில்லாமல் குழியில் வீசப்படுவோம் என்ற அச்சம் ஏழை ரோமனை விட்டு அகலவில்லை. சாலையில் நடக்கும்போது இந்த அச்சத்தை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். எஞ்சிய வாதம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

சுரங்கங்களைப் பற்றி ஒரு கதை எல்லோருக்கும் தெரியும்: கிறித்தவர்கள் வீரர்களுக்குப் பயந்து இங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள், ரகசியமாக வழிபட்டார்கள் என்பது. நாவல்களும் சினிமாவும் வளர்த்த கதை இது. இடத்தைப் பார்த்த மாத்திரத்தில் சந்தேகம் வந்துவிடும். ஓர் ஆள் நடக்கத்தக்க அகலம். இருபுறமும் அடுக்கடுக்காக அறைந்த குழிகளில் பிணங்கள். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அங்கங்கே மேலிருந்து இறக்கிய துளைகள். இங்கே ஒரு குடும்பம் ஒரு வாரம்கூட வாழ முடியாது. இந்த மண்ணின் எரிமலைப் பாறை, கேரளப் பக்கத்துச் செம்பாறாங்கல்லைப் போல, வெட்டும்போது இளகிக் காற்றுப்பட்டதும் இறுகும். அதனால்தான் மாடி மாடியாகக் கீழே தோண்ட முடிந்தது. நிலம் விலையேறிய நகரப் புறத்தில் குறைந்த இடத்தில் நிறையப் பேரைப் புதைக்க இதைவிட மலிவான வழி இல்லை. கிறித்தவர்கள் மட்டும் இதைச் செய்யவில்லை என்பதற்கு இதே சாலையில் விஞ்ஞா ராந்தனீனியில் இருக்கும் யூதச் சுரங்கமே போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரசுக்கு இந்த இடங்கள் நன்றாகத் தெரியும். 257இல் பேரரசர் வலேரியன் கிறித்தவர்கள் தங்கள் கல்லறைகளுக்குள் நுழையக் கூடாது, கூடக் கூடாது என்று தடை போட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி ரோமின் ஆயர் இரண்டாம் சிக்ஸ்டஸ் கல்லறையிலேயே நான்கு திருத்தொண்டர்களுடன் கொல்லப்பட்டார் என்று கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன் அதே மாதத்தில் எழுதிய கடிதம் சொல்கிறது. அரசுக்குத் தெரியாத ஒளிவிடத்தைப் பெயர் சொல்லித் தடைசெய்ய முடியாது. 260இல் வலேரியனின் மகன் காலியேனஸ் தடையை நீக்கி, கல்லறைகளையும் வழிபாட்டிடங்களையும் ஆயர்களிடமே திருப்பிக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் அவை முன்பு அவர்களுடையவையாக இருந்திருக்க வேண்டும். சட்டவிரோதமான ஒரு கூட்டம் ஊரறிய நிலம் வைத்திருந்தது. அதில் ஊரறியப் புதைத்துக்கொண்டும் இருந்தது.

யார் புதைத்தார்கள், யார் செலவில்? கலிக்ஸ்டஸ் கல்லறையின் பெயரே இதற்குப் பாதி விடை. கலிக்ஸ்டஸ் ஓர் அடிமை. அவருடைய வாழ்க்கையை நமக்குச் சொல்பவர் அவருடைய பரம எதிரி, ஹிப்போலிட்டஸின் பெயரில் வழங்கும் நூலை எழுதியவர். எனவே தேன் தடவிய கதை என்று யாரும் சொல்ல முடியாது. கார்ப்போஃபோரஸ் என்ற எஜமான் கொடுத்த பணத்தில் கலிக்ஸ்டஸ் வங்கி நடத்தினார். கிறித்தவ விதவைகளும் மற்றவர்களும் நம்பிப் போட்ட பணம் காணாமல் போயிற்று. தப்பி ஓடிப் பிடிபட்டு ஆலையில் சக்கரம் சுற்றினார். பிறகு யூதத் தொழுகைக்கூடத்தில் ரகளை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு சார்தீனியாவின் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே கிறித்தவர் என்பதற்காகத் தண்டிக்கப்பட்ட வேறு சிலரும் இருந்தார்கள். பேரரசர் கொம்மோடஸின் ஆசைநாயகி மார்சியா அவர்கள்மேல் இரக்கப்பட்டு, ரோமின் ஆயர் விக்டரிடம் அங்கிருப்பவர்களின் பெயர்களைக் கேட்டார். விக்டர் பட்டியலைக் கொடுத்தார். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பட்டியல்தான். தண்டனை பெற்று ஒரு தீவின் சுரங்கத்துக்குள் போனவன் ரோம் சட்டத்தின் பார்வையில் ஏறக்குறையச் செத்தவன். அவன் பெயரை யாரோ எழுதி, கேட்டதும் எடுத்துக் கொடுக்கும்படி வைத்திருந்திருக்கிறார்கள். கலிக்ஸ்டஸின் பெயர் அதில் இல்லை என்றும், அவர் கெஞ்சித்தான் விடுதலையாகிறவர்களோடு சேர்ந்துகொண்டார் என்றும் எதிரி எழுதுகிறார். பட்டியல் இருந்தது என்பதை அவரும் மறுக்கவில்லை.

199 அளவில் அடுத்த ஆயர் செஃபிரினஸ் இந்த முன்னாள் கைதியையே கல்லறைக்குப் பொறுப்பாளராக்கினார். 217இல் கலிக்ஸ்டஸ் ரோமின் ஆயராகவும் ஆனார். அவர் பெயர் தாங்கிய இடத்தில் சுரங்க வழிகள் சுமார் 20 கிலோமீட்டர் நீளம் என்கிறார்கள். 3ஆம் நூற்றாண்டு ஆயர்கள் பலரின் அறையை 1854இல் தெ ரோஸ்ஸி என்ற ஆய்வாளர் கண்டெடுத்தார். கிரேக்க எழுத்தில் பொன்டியன், அன்டேரஸ், ஃபேபியன் முதலான பெயர்கள் அங்கே இருக்கின்றன. பயணிகள் கூட்டம் நிற்பது அந்த அறையில். நான் சுட்டிக்காட்ட விரும்புவது அதைச் சுற்றிய வழிகளை: எழுத்தே இல்லாத ஆயிரக்கணக்கான குழிகள், அவற்றில் குழந்தைகளின் அளவுக்கு வெட்டிய குழிகள் ஏராளம். எழுதத் தெரியாதவர்கள் ஈரச் சாந்தில் ஒரு நாணயத்தையோ கண்ணாடித் துண்டையோ பொம்மையையோ அழுத்தி அடையாளம் வைத்திருக்கிறார்கள். 3ஆம் நூற்றாண்டில் வேர்கொண்டதாகக் கருதப்படும் ஒரு சபை ஒழுங்குநூல், கல்லறை ஏழைகளுக்கானது, தோண்டுபவனின் கூலியும் மூடும் ஓட்டின் விலையும் தவிர அதிகம் வாங்காதே என்கிறது. 197இல் கார்த்தேஜின் கிறித்தவ எழுத்தாளர் டெர்டுல்லியன், மாதம் ஒருமுறை அவரவர் விருப்பப்படி போடும் காசு ஏழைகளுக்குச் சோறு போடவும் அவர்களைப் புதைக்கவும், அநாதைகளுக்கும் முதிய அடிமைகளுக்கும் சுரங்கத் தண்டனை பெற்றவர்களுக்கும் செலவாகிறது என்று எதிரிகளுக்கே எழுதினார். டெர்டுல்லியன் மிகைப்படுத்துவதில் வல்லவர் என்பது உண்மை. கலிக்ஸ்டஸ் சுரங்கத்திலும் எல்லோரும் சமமாகப் படுக்கவில்லை. காசுள்ளவர்களுக்குத் தனி அறையும் சித்திரமும் இருந்தன. ஆனால் காசில்லாதவனும் அதே வாசல் வழியாக, அதே வழியில், பக்கத்துச் சுவரில் இடம் பெற்றான்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. பிணம் புதைக்கக் கூட்டம் சேர்வது ரோமர்களிடம் ஏற்கெனவே இருந்ததே? ஆப்பியா சாலையிலேயே தெற்கே போனால் ஆல்பன் மலையடிவாரத்தில் லனூவியோ என்ற ஊர். பழைய பெயர் லனூவியம். அங்கே 133ஆம் ஆண்டு தயானா தேவிக்கும் தெய்வமாக்கப்பட்ட அன்டினோயஸுக்கும் நேர்ந்துகொண்டு தொடங்கிய ஈமச் சங்கத்தின் விதிகள் கல்வெட்டாகக் கிடைத்துள்ளன. சேரக் கட்டணம் 100 செஸ்டர்ஸ், அதோடு ஒரு ஜாடி நல்ல மது. மாதச் சந்தா 5 ஆஸ். செத்தால் ஈமச் செலவுக்கு 300 செஸ்டர்ஸ். அடிமைகளும் சேரலாம். சந்தா பாக்கியிருந்தால் அடக்கம் இல்லை, தற்கொலை செய்துகொண்டவனுக்கும் இல்லை. படிக்கப் படிக்க மனிதர்கள் கண்ணில் தெரிகிற கல்வெட்டு. விருந்தில் சச்சரவு செய்தால் என்ன அபராதம் என்பதுகூட உண்டு. ஆக, கிறித்தவர்கள் புதைத்தலைக் கண்டுபிடிக்கவில்லை. மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த, தேவையான ஒன்றையே செய்தார்கள்; அதனால்தான் அது எடுபட்டது. லனூவியத்துச் சங்கம் லனூவியத்தோடு முடிந்துவிடும். அங்கே ஆறு ஆண்டு சந்தா கட்டியவன் லியோனுக்குப் பிழைக்கப் போனால் அங்கே அவன் யாரோ. கிறித்தவனோ தன் ஊர் ஆயரின் கடிதத்தோடு போனால் அங்கும் பந்தியிலும் கல்லறையிலும் இடம் உண்டு. இன்னொன்று, சந்தா கட்டிய உறுப்பினனின் சாவுக்கே சங்கம் பொறுப்பு. கட்டவே முடியாத விதவையும் தெருவில் எடுத்த குழந்தையும் கணக்கில் வருவது சபையில் மட்டும்தான். வணிகமும் ராணுவமும் அடிமைச் சந்தையும் மனிதர்களை ஊர் ஊராகப் பிய்த்தெறிந்த பேரரசில் இந்த வேறுபாடு சிறியதன்று.

அரசும் இதைத்தான் கவனித்தது. 112 அளவில் கருங்கடல் கரையான பிதினியா-பொன்டஸின் ஆளுநர் இளைய பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதங்களைத் தொடர்ச்சியாகப் படித்தால் இது தெளிவாகும். நிக்கோமீடியாவில் (இன்றைய இஸ்மித்) பெரிய தீ விபத்து நேர்ந்தபின், 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். கூடாது என்கிறார் டிராஜன்: எந்தப் பெயர் வைத்தாலும் அப்படிச் சேர்பவர்கள் சீக்கிரம் அரசியல் கூட்டமாகிவிடுவார்கள். பிறகு கிறித்தவர்களைப் பற்றிய கடிதம். திருத்தொண்டு செய்துவந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தும், அளவு மீறிய மூடநம்பிக்கை தவிர எதுவும் தெரியவரவில்லை என்கிறார். நகரம் மட்டுமல்லாது கிராமங்களிலும் தொற்று பரவிவிட்டது என்கிறார். சங்கங்களைத் தடைசெய்த ஆணைக்குப் பின் அவர்கள் ஒன்றுகூடி உண்பதை நிறுத்திக்கொண்டதாகவும் எழுதுகிறார். டிராஜனின் பதில் அடுத்த 140 ஆண்டுக்குச் சட்டம் போலவே ஆயிற்று: தேடிப் பிடிக்காதே, முறையாகக் குற்றம் சாட்டப்பட்டு நிரூபணமானால் தண்டி, மறுத்துத் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடு, மொட்டைக் கடிதத்தை ஏற்காதே. இது விநோதமான ஏற்பாடு. குற்றவாளி என்றால் தேட வேண்டும். தேட வேண்டாம் என்றால் குற்றவாளியல்ல. டெர்டுல்லியன் இதைக் கேலி செய்தார். ஆனால் அவருடைய சபை வளர்ந்தது இந்த முரணின் இடைவெளியில்தான்.

அரசு பாராமுகமாக இருந்தாலும் அக்கம்பக்கத்தார் இருக்க வேண்டுமே. பிரான்சின் லியோன் நகரில் குரூவா-ரூஸ் சரிவில் மூன்று கால் (Gaul) மாகாணங்களின் அரங்கம் என்ற சிதைந்த வட்டரங்கம் உண்டு. நடுவில் நினைவுக்காக நட்ட ஒரு கம்பம் நிற்கிறது. 177இல் இங்கே நடந்ததைத் தப்பியவர்கள் ஆசியச் சபைகளுக்கு எழுதிய நீண்ட கடிதத்தை யூசிபியஸ் தன் திருச்சபை வரலாற்றில் நகலெடுத்து வைத்திருக்கிறார். கும்பல் கிளப்பிய வெறுப்பு, பிறகு அதிகாரிகளின் விசாரணை. தொண்ணூறைக் கடந்த ஆயர் பொத்தினஸ் சிறையில் இறந்தார். பிளாண்டினா என்ற அடிமைப் பெண்ணின் உறுதி எல்லோரையும் மிஞ்சியது. பத்துப் பேர் அளவில் முதலில் மறுதலித்தார்கள். வழக்கமாக வாசகர் இங்கே நிறுத்திவிடுவார். கடிதம் எழுதியவர்களுக்கோ இதற்குப் பிறகு வரும் பகுதியும் கொலைக்குக் குறையாத வேதனை: உடல்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டு, எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்துவிட்டார்கள். இரவில் எடுத்துச் செல்ல முயன்றும், காவலருக்குக் காசு கொடுக்கப் பார்த்தும், கெஞ்சியும் பலிக்கவில்லை. உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கையை அறுப்பதுதான் நோக்கம் என்று கடிதமே சொல்கிறது. கொன்றால் போதாது, அடக்கம் செய்ய விடக்கூடாது என்பதை லியோன் கும்பல் புரிந்துவைத்திருந்தது. கிறித்தவர்கள் எதனால் கட்டுண்டவர்கள் என்பதை நமக்கு எதிரியே காட்டிக்கொடுக்கிறான்.

அப்படியானால் மறைசாட்சிகளின் ரத்தமே விதை என்ற புகழ்பெற்ற எண்ணம்? அதுவும் டெர்டுல்லியனிடமிருந்து வந்ததுதான். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாவுக்கு அஞ்சாதவர்களைக் கண்டு தன் மனம் மாறியதாக ஜஸ்டின் எழுதியிருக்கிறார். 203இல் கார்த்தேஜ் அரங்கில் இறந்த இருபத்திரண்டு வயதுப் பெர்பெத்துவா சிறையில் தன் கையால் எழுதிய குறிப்புகளைப் படிப்பவர் இன்றும் அசைந்துபோகிறார். ஆனால் ஓர் எடுத்துக்காட்டு ஈர்ப்பது வேறு, ஒரு மதம் பரவுவது வேறு. ரத்தம் பொதுவிதி போல விதையாக முளைக்குமென்றால் பேரரசர் டயோக்ளேஷன் எரிக்கச் சொன்ன மானிகேயர்கள் என்ற மதத்தார் பேரரசு முழுக்கச் செழித்திருக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் கிறித்தவமே கடலோரக் கிராமங்களில் ஒளிந்து குறுகிப்போயிருக்கக் கூடாது. மறுபக்கம், துன்பமே படாத மதம் நிலைத்ததா? ரோமில் சான் கிளெமென்டே கோயிலின் அடித்தளத்துக்கு இறங்கினால் மித்ரா வழிபாட்டறை ஒன்று அப்படியே இருக்கிறது: இருபுறம் திண்ணை, நடுவில் எருதைக் குத்தும் தெய்வம். வீரர்களும் அதிகாரிகளும் விரும்பிய வழிபாடு அது. கிறித்தவப் பேரரசர்கள் வரும்வரை அதை எவரும் ஒடுக்கவில்லை. ஆனாலும் அரசின் முகம் மாறியதும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அந்தத் திண்ணைகளில் உட்காரப் பெண்களுக்கு இடமில்லை. விதவைக்கும் குழந்தைக்கும் அங்கே வேலையே இல்லை.

விதைக் கொள்கைக்கு மிகப் பெரிய இடி கார்த்தேஜிலிருந்தே வருகிறது. 249 இறுதியில் பேரரசர் டேசியஸ் பேரரசிலுள்ள எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். பலியிட்டதற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். எகிப்தின் மணலில் நாற்பதுக்கும் மேற்பட்ட பப்பிரசுச் சான்றுகள் கிடைத்துள்ளன. முதன்முறையாக அரசு வீட்டுக்கு வீடு வந்தது. என்ன நடந்தது? கார்த்தேஜில் கிறித்தவர்கள் மன்றத்துக்கு ஓடினார்கள், பலியிட! மாலையாகிவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும் கேட்காமல் கெஞ்சினார்கள் என்று அவர்களுடைய ஆயர் சிப்ரியன் மனம் கசந்து எழுதுகிறார். சிப்ரியனும் அப்போது ஒளிந்திருந்தார். ரோமில் ஃபேபியன் 250 ஜனவரி 20இல் இறந்தார். ஓராண்டுக்கு மேல் ஆயர் இருக்கை காலியாகக் கிடந்தது. இந்த மதம் அன்று செத்திருக்க வேண்டும். செத்துப்போகாததற்குக் காரணம், ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள் என்பது. சட்டத்துக்குப் பயந்து பலியிட்டவனுக்குச் சோறும் பந்தியும் கல்லறையும் உறவும் சபையில்தான் இருந்தன. அவர்களைச் சேர்ப்பதா கூடாதா என்று பெரும் சண்டை மூண்டது. சேர்க்கவே கூடாது என்றார் ரோமின் நொவேஷியன். தண்டனைத் தவம் செய்யவைத்துச் சேர்க்கலாம் என்றார்கள் ரோமின் ஆயர் கொர்னேலியஸும் சிப்ரியனும். வென்றது இரண்டாவது கட்சி. கண்டிப்பான நொவேஷியனின் சபை சில நூற்றாண்டு தனியே நடந்து ஓய்ந்தது. விழுந்தவர்களுக்கு இடம் வைத்த சபையே பெருகியது. வீரர்களின் மதம் என்று அதை அழைப்பவர்கள் இந்த 251ஆம் ஆண்டைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கும்.

அதே சண்டையின் நடுவே கொர்னேலியஸ் அந்தியோக்கியா ஆயருக்கு எழுதிய கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு கணக்கு வருகிறது. ரோமில் 46 மூப்பர்கள், 7 திருத்தொண்டர்கள், 7 துணைத் திருத்தொண்டர்கள், 42 உதவியாளர்கள், பேயோட்டுபவர்களும் வாசகர்களும் வாயில்காப்போரும் சேர்ந்து 52 பேர், ஆதரிக்கப்படும் விதவைகளும் ஏழைகளும் 1,500க்கு மேல். பேரரசு முழுவதும் தேடிய ஒடுக்குமுறை ஓய்ந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில் 1,500 வயிறுகளுக்குச் சோறு போய்க்கொண்டிருக்கிறது. ஆயரைக் கொல்லலாம், இந்த அடுப்பை அணைப்பது எளிதாக இல்லை. அதே பத்தாண்டில் பரவிய கொள்ளைநோயில் அலெக்சாந்திரியாவின் கிறித்தவர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தாங்களும் இறந்ததாக ஆயர் தியொனீசியஸ் எழுதியிருக்கிறார். தண்ணீரும் கஞ்சியும் கொடுக்க ஆள் இருந்தாலே பிழைப்பவர் கூடுவர் என்று சமூகவியலர் ராட்னி ஸ்டார்க் 1996இல் ஒரு நூலில் வாதிட்டார். கி.பி. 40இல் 1,000 பேர் என்று தொடங்கிப் பத்தாண்டுக்கு 40 விழுக்காடு வளர்ந்தால் 300இல் 60 லட்சத்தைத் தாண்டும் என்பதும் அவருடைய கணக்கு. தொடக்க எண்ணும் வேகமும் ஊகங்கள்தான். ஆதாரம் என்று இதைத் தூக்கிப்பிடிக்கக் கூடாது. சிறிய, நிதானமான, ஆளுக்கு ஆள் பரவும் வளர்ச்சியே போதும், அற்புதக் கூட்டமாற்றம் தேவையில்லை என்று காட்டுவதற்கு மட்டும் அது பயன்படுகிறது.

இன்னொரு திசையிலிருந்து வரும் மறுப்பு: துன்புறுத்தலே பெரிய அளவில் நடக்கவில்லை, அது பின்னாளில் ஊதிப் பெருக்கிய கதை. வரலாற்றாசிரியர் கிப்பன் இதை 18ஆம் நூற்றாண்டில் சொன்னார். 2013இல் கேண்டிடா மாஸ் நூலாகவே எழுதினார். ஆதாரம் அவர்கள் பக்கமும் உண்டு. நம்பிக்கைக்காக இறந்தவர்கள் எளிதில் எண்ணத்தக்க சிலரே என்று 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜனே எழுதியிருக்கிறார். கலிக்ஸ்டஸ் சுரங்கத்தின் ஆயர் அறையில் மறைசாட்சிகளைப் புகழ்ந்து கல்லில் செதுக்கிய செய்யுள், 4ஆம் நூற்றாண்டு ஆயர் டமாசஸ் வைத்தது. மறைசாட்சி வழிபாட்டை நகரம் முழுவதும் கட்டியெழுப்பியவரும் அவரே. கொலோசியத்தில் கிறித்தவர்கள் சிங்கங்களுக்குப் போடப்பட்டதற்கு உறுதியான பழைய சான்று இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இவை அனைத்தையும் ஏற்றுக்கொண்டாலும் வாதம் குலையவில்லை, உண்மையில் உறுதிப்படுகிறது. சாவு அரிது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் சாவு நேரலாம் என்ற நிலை 64இல் நீரோ தொடங்கிவைத்தது முதல் போகவே இல்லை. அந்த நிலையில் ஒருவர் சேர்ந்தார் என்றால், ஆபத்தைவிடக் கனமான ஏதோ ஒன்று மறுதட்டில் இருந்தது. துன்புறுத்தல் இடைவிட்டு வந்ததால் அந்த மறுதட்டு நிரம்ப நேரமும் கிடைத்தது.

மறுதட்டில் என்ன இருந்தது என்பதை ஓர் அரசு குமாஸ்தாவே எண்ணி எழுதியிருக்கிறார். அல்ஜீரியாவில் ருமெல் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கைச் சுற்றிப் பாலங்களாகத் தொங்கும் கான்ஸ்டன்டைன் நகரத்தின் பழைய பெயர் சிர்த்தா. 303 பிப்ரவரியில் டயோக்ளேஷன் நிக்கோமீடியாவில் தேவாலயத்தை இடித்து, வேதநூல்களைப் பறிக்கும் ஆணையைப் பிறப்பித்தார். மே 19ஆம் தேதி அது சிர்த்தாவுக்கு வந்தது. நகரப் பொறுப்பாளர் கிறித்தவர்கள் கூடும் வீட்டுக்குள் போய்ச் சாமான் பட்டியல் எடுத்தார். பின்னாளில் நடந்த ஒரு வழக்கின் ஆவணங்களோடு அது தப்பிப் பிழைத்தது. பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, விளக்குகள். பிறகு: பெண்களின் மேலாடை 82, முக்காடு 38, ஆண்களின் மேலாடை 16, ஆண்களின் செருப்பு 13 ஜோடி, பெண்களின் செருப்பு 47 ஜோடி. சாப்பாட்டு அறையில் பீப்பாய்களும் ஜாடிகளும். ஆயர் எதிர்க்கவில்லை, அவருடைய ஆட்கள் சாமானை எடுத்துக் கொடுத்தார்கள்; வாசகர்களின் பெயரைக் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று இரண்டு துணைத் திருத்தொண்டர்கள் மட்டும் நின்றார்கள். வீரம் குறைந்த காட்சிதான். ஆனால் பறிக்க வந்தவனின் கையெழுத்தில் உள்ள அந்த 82 பெண்ணாடைகளைவிட நம்பகமான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. துணி இல்லாத ஏழைப் பெண்கள் ஊரில் யார் யார் என்று தெரிந்த ஒரு வீடு அது. நூல்களைப் பறித்த அரசுக்கு அந்த அறிவைப் பறிக்க வழியில்லை.

கடைசியாக, வென்றது பேரரசர் கான்ஸ்டன்டைனின் வாள்தானே என்பார்கள். வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தின் கீழே 1940களில் அகழ்ந்த கல்லறைத் தெருவில் நடப்பவர் இதற்குப் பாதி ஆமோதிப்பார். செல்வர்களின் அழகிய கல்லறை வீடுகள், பெரும்பாலும் கிறித்தவமல்லாத குடும்பங்களுடையவை. 4ஆம் நூற்றாண்டில் பேதுருவின் நினைவிடத்துக்கு மேல் கோயில் எழுப்புவதற்காக அவற்றின் கூரைகளை உடைத்து மண்ணால் நிரப்பிவிட்டார்கள். கல்லறையைச் சிதைப்பது ரோமச் சட்டத்தில் பெருங்குற்றம். பேரரசன் செய்தால் கேட்பார் யார்? இறந்தவனுக்கு இடம் கொடுத்து வளர்ந்த மதம் அதிகாரம் வந்ததும் அடுத்தவர் கல்லறையை அடித்தளமாக்கியது கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு கூட்டம் கூட்டமாகச் சேர்ந்ததில் அரசின் பங்கு பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். துன்புறுத்தியவர்களில் கடுமையான பேரரசர் கலேரியஸ், இந்த முயற்சி பலிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு கிறித்தவர்களுக்கு அனுமதி கொடுத்தது 311 ஏப்ரல் 30ஆம் தேதி. வழிபாட்டு உரிமை தந்த மிலான் உடன்பாடு 313இல். அரசு கை ஓங்கி எட்டு ஆண்டு அடித்துக் களைத்தபின்தான் அரசு கட்டிப்பிடித்தது.

பயணத்தின் கடைசி ஊராக அங்காராவைச் சொல்வேன். அங்கே உலுஸ் பகுதியில் அரசு அலுவலகங்களுக்கு நடுவே, உச்சியில் நாரைக் கூட்டோடு, ஜூலியன் தூண் என்று அழைக்கப்படும் ஒற்றைத் தூண் நிற்கிறது. கிறித்தவனாக வளர்ந்து அதை உதறிப் பழைய தெய்வங்களை மீட்கப் பார்த்த பேரரசர் ஜூலியன் 362இல் இந்த ஊர் வழியாகப் போனார். இந்த ஊர் அடங்கிய கலாத்தியாவின் தலைமைப் பூசாரி அர்சாசியஸுக்கு அவர் எழுதியதாக வரலாற்றாசிரியர் சோசோமென் பாதுகாத்திருக்கும் கடிதம், கிறித்தவம் வளர்ந்ததற்கு மூன்று காரணம் சொல்கிறது: அந்நியரை உபசரிப்பது, இறந்தவர்களின் கல்லறையில் காட்டும் அக்கறை, ஒழுக்கமாகக் காட்டிக்கொள்ளும் வாழ்க்கை. ரத்தமும் வீரமும் பட்டியலில் இல்லை. கடிதம் அவருடையதா என்று ஐயப்படும் ஆய்வாளரும் உண்டு. பூசாரி ஒருவருக்கு அவர் எழுதிய இன்னொரு கடிதத்திலும், ஏழைகளை நம் பூசாரிகள் கைவிட்டதால் கலிலேயர் (கிறித்தவர்) அந்த வேலையைப் பிடித்துக்கொண்டார்கள் என்ற இதே புகார் இருக்கிறது. கலாத்தியாவுக்கு ஆண்டுதோறும் 30,000 மோதியஸ் கோதுமையும் 60,000 செக்ஸ்டாரியஸ் மதுவும் ஒதுக்கியிருக்கிறேன், ஐந்தில் ஒரு பங்கு பூசாரிகளுக்கு ஊழியம் செய்யும் ஏழைகளுக்கு, மீதி அந்நியருக்கும் இரப்பவருக்கும் என்கிறது அர்சாசியஸ் கடிதம். ஊர்ப் பெரியவர்களும் கிராமங்களும் தாங்களே கொடுக்கப் பழக வேண்டும், பழக்கு என்றும் உத்தரவிடுகிறது. பழகுவதற்கு முதல் நூற்றாண்டிலிருந்து அவகாசம் எடுத்துக்கொண்டவர்கள் கிறித்தவர்கள். ஜூலியனுக்குக் கிடைத்தது ஓராண்டு சொச்சம்; 363 ஜூன் 26இல் பாரசீகப் போரில் பட்ட காயத்தால் இறந்தார்.